சொந்தமாக யோசித்தால் சண்டைதான் மிச்சமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கிச் சொன்னால் கேள்வி இதுதான்: "எங்கள் தெருவில் ஒருத்தர் சீட்டில் சேர்ந்தால் எல்லாரும் சேர்கிறார்கள், ஒருத்தர் தண்ணீர் மெஷின் வாங்கினால் எல்லாரும் வாங்குகிறார்கள், ஒரு பையன் எந்தக் கோர்ஸ் படித்தானோ மற்ற பசங்களுக்கும் அதே கோர்ஸ்தான். ஏன் என்று கேட்டால் 'இன்னாபா, பெரிய கலெக்டர் மாதிரி கேள்வி கேக்குற' என்கிறார்கள். வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், வீட்டுப் பண விஷயமெல்லாம் என் தலையில் வரப்போகிறது. அன்றாட வாழ்க்கையில் சொந்தமாக யோசிப்பதால் நிஜமாகவே லாபம் உண்டா, இல்லை சண்டைதான் மிச்சமா?"

லாபம் உண்டு, ரூபாய்க் கணக்கிலேயே உண்டு. சண்டையும் கொஞ்சம் வரும், அதைக் குறைக்க வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் உதாரணங்கள் பாதிக்கு மேல் பணத்தைச் சுற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நம் பக்கத்து ஆட்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலத்தைப் பாருங்கள். கூடையோடு வரும் ஒரு அக்கா செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண் தெளிவாக இருக்கிறதா குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், இன்றைக்கு எத்தனை போட் வந்திருக்கிறது, நாளைக்கு அமாவாசையா கிருத்திகையா, தான் விற்கும் தெருவில் எந்த மீன் போகும் எது போகாது, இதெல்லாம் ஒரே மூச்சில் மனசுக்குள் ஓடி ஒரு விலை சொல்வார், அதற்கு மேல் ஏலம் போனால் நகர்ந்துவிடுவார். பக்கத்தில் நிற்பவர் வாங்கினார் என்பதற்காக அந்த அக்கா ஒரு கூடை மீன்கூட வாங்க மாட்டார். எந்தக் கல்லூரியிலும் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதே அக்கா ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் வியாபாரம் படுத்துவிடும்போது தண்டல் எடுப்பார். பத்தாயிரம் தண்டல் என்றால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் தருவார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பத்து பர்சென்ட்தான், எல்லாரும் அதுலதான் எடுக்கிறாங்க" என்பது எங்கும் கேட்கும் பேச்சு. கணக்கு அப்படி இல்லை. முதல் நாளே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுவதால் ஐம்பதாம் நாள் கடனில் பாதி போயிருக்கும். சராசரியாகப் பார்த்தால் அந்த நூறு நாளில் அவர் கையில் இருந்தது நாலாயிரத்து எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவுதான். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டி என்றால் நூறு நாளைக்கே 21 சதவீதம், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 78 சதவீதம். ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டு கொடுத்தால் வருஷத்துக்கு 120 சதவீதத்தைத் தொடும். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் மீட்டர் வட்டியையும் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது என்பது தனிக் கதை.

இதை வைத்து அந்த அக்காவை ஏமாளி என்று முடிவு கட்டினால் அதுவும் யோசிக்காமல் பேசுவதுதான். ஆவணம் கேட்காமல், அடகு கேட்காமல், கேட்ட அன்றைக்கே காலையில் ரொக்கமாகக் கொடுக்க அவருக்கு வேறு ஆள் கிடையாது. காலையில் ஒன்பதாயிரத்துக்கு மீன் எடுத்து அன்றைக்கே ஐந்நூறு ரூபாய் லாபம் பார்க்கக்கூடியவருக்கு நூறு ரூபாய் தண்டல் தாங்கக்கூடியதே. அதே தண்டலில் பிரிட்ஜ் வாங்கினால் தாங்காது. கடன் நல்லதா கெட்டதா என்பது அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்த விஷயம், அதை அவர் இடத்தில் உட்கார்ந்து அவர்தான் யோசிக்க முடியும். தெருவில் பாதிப் பேர் எடுத்திருக்கிறார்கள் என்பது அந்த யோசனைக்கு ஒரு பைசா உதவாது.

ஏலத்தில் கூர்மையாக இருக்கும் மூளை கடனில் ஏன் மங்குகிறது? என் கிளையில் படித்தவர்களும் அப்படித்தான், எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்து மீட்டருக்கு மீட்டர் துணியைத் தடவி விலை பேசுபவர்கள்கூட கடன் பத்திரத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் கேட்பார்கள். மீனில் தப்புப் பண்ணினால் சாயங்காலமே தெரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு நாளும் பாடம். கடனில் தப்பு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும், அதுவும் யாராவது உட்கார்ந்து கூட்டிக் காட்டினால். மீனைப் பற்றிப் பேசும் வார்த்தைகள் அவருடையவை, கடனைப் பற்றிப் பேசும் வார்த்தைகள் எதிரே உட்கார்ந்திருப்பவனுடையவை. இதோடு கௌரவம் வேறு சேர்ந்துகொள்கிறது. மீனைத் திருப்பிப் பார்த்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள், ஆனால் மச்சான் கொண்டுவந்த ஏஜென்ட்டிடம் கணக்குக் கேட்டால் மச்சானையே நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

அதனால் நான் சொல்லக்கூடிய ஒரே வேலை: எந்த விஷயத்தையும் மீன் மாதிரி கையில் தொட்டுப் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கனவே உங்களிடம் இருக்கிற புத்தியை அது நுழையாத இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அவ்வளவுதான்.

கடனில் இதை எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன். ஒரு லட்சம் கடன், மூன்று வருஷம். ஒருத்தர் 12 சதவீதம் ஃபிளாட் ரேட் என்கிறார், அதாவது எவ்வளவு கட்டி முடித்திருந்தாலும் கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி. இன்னொருத்தர் 18 சதவீதம், ரெடியூசிங் பேலன்ஸ் என்கிறார், அதாவது கட்டக் கட்ட மிச்ச அசலுக்கு மட்டும் வட்டி. தெருவில் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 12 தான் மலிவு என்பார்கள். சதவீதத்தைத் தூக்கித் தூரப் போடுங்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், என் கையில் எவ்வளவு வரும் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். முதலாமவருக்கு மாதம் 3,778 ரூபாய், 36 மாதம், மொத்தம் 1,36,000. இரண்டாமவருக்கு மாதம் சுமார் 3,615 ரூபாய், 36 மாதம், மொத்தம் 1,30,000 சொச்சம். 18 என்று சொன்னவரிடம் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம். அந்த 12 சதவீத ஃபிளாட் உண்மையில் 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். எது மலிவு என்று பார்க்கப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம், ஒரு பெருக்கல் போதும். அதோடு ப்ராசஸிங் சார்ஜ், இன்சூரன்ஸ் என்று முன்னாடியே எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், கையில் வரும் தொகை அங்கேதான் குறையும்.

தண்ணீர் மெஷின் பற்றி எழுதியிருந்தீர்கள், அது எனக்குப் பிடித்த விஷயம். வீட்டு வாசலில் ஆர்.ஓ. விற்க வருகிறவர் இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நாலு கம்பி வைத்த ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் சேர்த்து முக்கி கரண்ட் கொடுப்பார். ஒரே நிமிஷத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பாக, சாக்கடை மாதிரி கலங்கிவிடும். அவர் தண்ணீர் அப்படியே இருக்கும். "இதைத்தான்மா கொழந்தைங்களுக்குக் குடுக்குறீங்க" என்று சொன்னதும் வீட்டில் அடுத்த பேச்சு இருக்காது, பக்கத்து வீட்டு அக்கா ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

அங்கே நடப்பது மின்னாற்பகுப்பு. கருவியில் இரும்புக் கம்பி இருக்கிறது. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் அதன் வழியாக மின்சாரம் ஓடும், இரும்பு அரித்து துருவாக வெளியே வரும். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அவருடைய கம்பி. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் சுத்தமாக நிற்கிறது. எங்கள் தண்டையார்பேட்டை குடியிருப்பில் ஒரு தடவை இந்த வித்தை நடந்தபோது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், "அண்ணே, உங்க தண்ணில ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அதே கம்பியை வெச்சுக் காட்டுங்க" என்றாள். அவர் ரொம்பத் தயங்கினார், பெண்கள் எல்லாரும் நின்று பார்த்ததால் செய்தார், அவருடைய தண்ணீரும் பச்சையும் பழுப்புமாகக் கலங்கிப் போனது. (நீங்களாக வீட்டு ப்ளக்கில் கம்பி சொருகி இதைச் செய்ய வேண்டாம், அவரையே செய்யச் சொல்லுங்கள்.)

இதிலிருந்து ஆர்.ஓ. மோசடி என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளுக்கு அது தேவைதான். இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். உங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீரா மெட்ரோ வாட்டரா, அளவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அளவு குறைவாக இருந்து பயம் கிருமி பற்றியது என்றால் காய்ச்சிக் குடிப்பதே போதும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது. இன்னொன்று, காட்டுப்பள்ளியில் 2010 இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வடசென்னைக்காகக் கட்டியது, அதுவே ஆர்.ஓ. முறையில் உப்பை நீக்கும் நிலையம்தான். அங்கே ஒரு தடவை வடிகட்டிய தண்ணீரை வாங்கி இன்னொரு தடவை வடிகட்ட முப்பதாயிரம் ரூபாய் செலவழித்த வீடுகள் நம் பக்கம் இருக்கின்றன.

சரி, இப்போது "எல்லாரும் சேர்கிறார்கள்" என்பதற்கு வருகிறேன். நாற்பது வீடு ஒரு விஷயத்தை நம்பினால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். சில சமயம் இருக்கும். 1906 இல் இங்கிலாந்தில் பிளிமத் ஊரில் ஒரு கால்நடைக் கண்காட்சி. ஒரு காளையை அறுத்துச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை வரும் என்று சொல்ல வேண்டும், சரியாகச் சொல்பவருக்குப் பரிசு, ஒரு சீட்டுக்கு ஆறு பென்ஸ். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர், சாதாரண ஜனங்களின் மூளையைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இல்லாத மனுஷர், அந்தச் சீட்டுகளை வாங்கிக் கணக்குப் பார்த்தார். படிக்க முடிந்தவை 787. வரிசைப்படுத்தி நடுவில் நின்ற மதிப்பைப் பார்த்தால் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. வித்தியாசம் நாலு கிலோதான். ஒருத்தர் கூட்டிச் சொன்ன தப்பை இன்னொருத்தர் குறைத்துச் சொன்ன தப்பு சரிக்கட்டிவிட்டது. கசாப்புக்காரர், விவசாயி, வேடிக்கை பார்க்க வந்தவர் என்று ஒவ்வொருத்தரும் தன் கண்ணால் பார்த்து, தன் காசைக் கட்டி, தனியாக எழுதியதால்தான் அது நடந்தது. முதலில் எழுதியவரின் சீட்டைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருந்தால் 787 சீட்டும் ஒரே சீட்டுதான்.

நம் தெருவில் நடப்பது இந்த இரண்டாவது வகை. முதல் வீட்டுக்காரர் ஒரு திட்டத்தில் பணம் போடுகிறார், அவருக்கு ஏதோ தகவல் இருக்கிறது. இரண்டாவது வீட்டுக்காரருக்கு அரைகுறைச் சந்தேகம், ஆனாலும் போடுகிறார். மூன்றாமவருக்கு நல்ல சந்தேகமே இருக்கிறது, ஆனால் "ரெண்டு பேர் பார்த்துத்தானே போட்டிருப்பாங்க" என்று தன் சந்தேகத்தை முழுங்கிவிடுகிறார். நாற்பதாவது வீட்டுக்காரர் முப்பத்தொன்பது சாட்சிகளைப் பார்க்கிறார், உண்மையில் அங்கே இருப்பது இரண்டு பேருடைய தகவல்தான். பிக்சந்தானி, ஹிர்ஷ்லைஃபர், வெல்ச் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 1992 இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். இதில் எனக்கு உறைத்த விஷயம், அந்த மூன்றாமவர் முட்டாள்தனமாக நடக்கவில்லை, அவர் அளவில் நியாயமாகத்தான் நடக்கிறார். அவர் தன் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லாமல் போனதால் நாலாவது வீட்டிலிருந்து எல்லாரும் குருடாகிறார்கள். ஆகவே தம்பி, நீங்கள் தெருவில் கேள்வி கேட்பது உங்களுக்கு மட்டும் லாபம் இல்லை, உங்களுக்குப் பின்னால் வரும் வீடுகளுக்கும் அது தகவல்.

ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் விவகாரம் ஞாபகம் இருக்கும். மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூலித்தார்கள் என்பது 2022 இல் பதிவான போலீஸ் வழக்கு. மாதம் 30 சதவீதத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். வட்டியைத் திரும்பத் திரும்ப அதிலேயே போட்டால் ஒரு லட்சம் ஒரே வருஷத்தில் 23 லட்சம் ஆகும். அப்படி ஒரு தொழில் தெரிந்த ஆள் வங்கியில் வருஷத்துக்கு 12 சதவீதத்தில் கடன் வாங்கிக் கொழிக்கலாமே, எதற்காகத் தெருத் தெருவாக ஏஜென்ட் வைத்து உங்கள் அம்மாவின் ஒரு லட்சத்தைத் தேட வேண்டும்? கமிஷன் வேறு கொடுத்து?

தொட்டுப் பார் என்று நான் சொன்னதிலேயே ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. இந்த மாதிரித் திட்டங்களில் முதலில் சேர்ந்தவர்கள் பணத்தைத் தொட்டுத்தான் பார்த்தார்கள். சொன்ன தேதியில் வந்தது, எண்ணினார்கள், அதைப் பார்த்து தம்பி போட்டார், தங்கச்சி வளையலை விற்றுப் போட்டார். வந்த வட்டி அடுத்தவன் போட்ட அசல். அதனால் பணம் வந்ததா என்று பார்ப்பது போதாது, எங்கே இருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். என்ன விற்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், அதில் எவ்வளவு நிற்கும் என்பதை அந்த ஏஜென்ட்டால் உங்கள் பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முடியாவிட்டால், அவருக்கே தெரியவில்லை.

படிப்பு விஷயம் சின்னதாக. பக்கத்து வீட்டுப் பையன் படித்த கோர்ஸைப் பார்த்துச் சேர்ந்தால், அவன் சேர்ந்த வருஷத்து நிலவரத்தை வைத்து, நீங்கள் முடிக்கப்போகும் வருஷத்துக்கு முடிவெடுக்கிறீர்கள். நடுவில் ஏழெட்டு வருஷம் இடைவெளி. அவனிடம் கேட்க வேண்டியது என்ன கோர்ஸ் என்று இல்லை, அவன் வேலை பார்க்கும் இடத்தில் இந்த வருஷம் யாரை எடுத்தார்கள் என்று.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு பேச ஆரம்பித்துவிடாதீர்கள். ஊரே இடது பக்கம் போனால் நான் வலது பக்கம் என்கிற ஆளும் ஊரைப் பார்த்துத்தான் நடக்கிறான், திசை மட்டும் மாற்றி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூக்கு எரிந்து கண் எரிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று ஆதாரம் கேட்பவனை என்னவென்று சொல்வது? எல்லாரும் ஓடினால் நானும் ஓடுவேன். தப்பாகப் போனால் ஒரு ராத்தூக்கம் போகும், அவ்வளவுதான். யோசிக்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அதற்குக் குறுக்காக வெளியேற எந்தத் தெரு, அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும் என்பதால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வது, ஆலையில் கசிந்தால் குடியிருப்புக்கு எச்சரிக்கை எப்படி வரும் என்று மறுநாள் போய்க் கேட்பது. 

மருந்து விஷயத்திலும் அப்படித்தான். டாக்டரைவிட நமக்குத் தெரியும் என்று போகக் கூடாது, ஆனால் "இது வைரஸ் காய்ச்சலா டாக்டர், ஆன்டிபயாடிக் வேணுமா?" என்று கேட்கலாம், வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, நல்ல டாக்டர் பதில் சொல்வார். போனில் "டாக்டர்கள் மறைக்கும் உண்மை, நீங்களே யோசியுங்கள்" என்று ஒரு வீடியோ வருமே, அதில் யோசிக்கச் சொல்லிவிட்டு முடிவையும் அவரே கையில் கொடுத்து அடியில் பவுடர் டப்பாவையும் விற்பார். என் அனுபவத்தில் "சொந்தமாக யோசி" என்று அதிகம் சத்தம் போடுபவர்களிடம்தான் பர்ஸை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் சண்டை. வாய்மூடி இருப்பவர்கள் எல்லாரும் யோசிக்காதவர்கள் இல்லை. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள், எது அதே நீளம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அறையில் ஒருத்தரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். அப்படித் தப்புச் சொன்ன சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒருத்தரும் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது வழுக்கினார்கள். அப்புறம் விசாரித்தால் பல பேருக்குச் சரியான பதில் தெரிந்தே இருந்தது, தனியாகத் தெரிய வேண்டாம் என்று சேர்ந்து சொல்லிவிட்டார்கள். நமக்குத் தேவையான இரண்டு விஷயம் அடுத்து வருகிறது. பதிலைத் தாளில் ரகசியமாக எழுதலாம் என்றதும் வழுக்குவது ரொம்பக் குறைந்தது. கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொல்லிவிட்டாலும் போதும், மூன்றில் ஒன்றாக இருந்தது இருபதில் ஒன்று அளவுக்கு இறங்கிவிட்டது.

வீட்டில் இதை அப்படியே பயன்படுத்தலாம். கூட்டத்தில் கேட்காதீர்கள். சொந்தக்காரர் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது மாமாவிடம் "இதுல என்ன கேரண்டி?" என்றால் அவர் தன் முகத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார், பணத்தைக் காப்பாற்ற இல்லை. மறுநாள் தனியாக டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "மாமா, எனக்கு ஒண்ணு புரியல, இந்த மாசம் எவ்வளவு கட்டணும், மொத்தம் எவ்வளவு வரும், நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்" என்று தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுங்கள். கூட்டிப் பார்க்கும்போது அவரே நிறுத்துவார், நிறுத்தியது அவர் முடிவாகவே இருக்கட்டும். அதற்கு முன்னால் வீட்டில் ஒரே ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மாவோ சித்தியோ. பெரும்பாலான வீடுகளில் சந்தேகம் முதலில் வருவது அவர்களுக்குத்தான், யாரும் கேட்காததால் சொல்வதில்லை.

"நம்ம ஏரியால இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 1918 ஏப்ரல் 27 அன்று இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம், சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூரில்தான் தொடங்கியது. பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களின் குறைகளைத் தொடர்ந்து காதில் வாங்கியவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும், அப்புறம்தான் சங்கத்தின் முதல் தலைவரான வாடியாவும் திரு.வி.க.வும் வந்தார்கள். சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது அந்தக் குறைகளில் ஒன்று. எல்லாரும் வழக்கம் என்று விழுங்கிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தை ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னார், இன்னொருத்தர் ஆமாம் என்றார்.

கடைசியாக உங்கள் தெருச் சீட்டு. ஏலச்சீட்டே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அவசரத்துக்குக் கைகொடுக்கும் நல்ல ஏற்பாடு. கம்பெனி நடத்தும் சீட்டு என்றால் 1982 ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத்துறையில் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்டு நேரில் போய்ச் சரிபாருங்கள். நடத்துபவர் கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 7 சதவீதம், அதற்கு மேல் பிடித்தால் கிளம்பிவிடுங்கள். தெருவில் அக்கா நடத்தும் சீட்டுக்குப் பதிவு இருக்காது, போனால் திரும்ப வாங்குவது பெரும்பாடு, அதனால் போனாலும் குடும்பம் ஆடாத தொகையோடு நில்லுங்கள். இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம் என்றால், அது ஓடுவதும் நிற்பதும் முதல் நாலைந்து மாதத்தில் ஏலத்தில் தள்ளுபடி விட்டுச் சீட்டை எடுத்தவர்கள் மிச்ச மாதங்களும் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்பதில்தான் இருக்கிறது. அக்காவைத் தனியாகப் பார்த்து ஒன்று மட்டும் கேளுங்கள்: முதலில் எடுக்கப்போகிறவர்கள் யார், ஏப்ரல், மே, ஜூனில் தொழில் இல்லாதபோது அவர்கள் ஐயாயிரத்தை எங்கிருந்து கட்டுவார்கள்? இதற்கு அவரிடம் பெயர் பெயராகப் பதில் இருந்தால் சேருங்கள். "அதெல்லாம் கட்டிடுவாங்கபா" என்றால், இந்தத் தடவை கையில் காசு இல்லை அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.